பேசும் பொம்மைக்குப் போர்வை

தீர்த்தம்மாள் நீட்டிய காபித் தம்ளரைக்கூட வாங்காமல் மகன் குரு கத்தத் தொடங்கினான். ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸில் மனைவி நிர்மலாவோடு வந்திருந்தான்.

"ஒரு வாரமா ரோபோவ ஆஃப் பண்ணி, பழைய சீலையப் போட்டு மூடி வெச்சிருக்கறியே... அப்பாவுக்குப் பேச்சு வரணும்னு உனக்கு எண்ணமே இல்லியாம்மா?"

தீர்த்தம்மாள் தம்ளரும் கையுமாக அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். எதற்கு நடக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் இருபது வருஷம் ஏலம் கூவியவர் அவள் புருஷன் மாரியப்பன். தொண்டையைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். பக்கவாதம் வந்து நாக்கு குழறிப்போன பிறகு, கட்டினவளிடமும் பெற்ற மகனிடமும்கூட வாய் திறக்க மறுத்துவிட்டார். பேச்சுப் பயிற்சிக்காகக் குரு வாங்கி வைத்த பொம்மை ரோபோவிடம் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பழகினார். அது சிரிக்காது, அவசரப்படுத்தாது. வெளியே நின்று கேட்ட தீர்த்தம்மாளுக்கு, அந்தப் பொம்மைக்குத் திருஷ்டி சுற்றிப் போடலாமா என்றிருந்தது!

ஆனால் அது கேட்டதையெல்லாம் குருவின் போனுக்கு அனுப்பியது இருவருக்கும் தெரியாது. போன வாரம் நிர்மலாதான் போனில் சந்தோஷமாகச் சொன்னாள்: "மாமா 'தக்காளி'ன்னு சொல்லிப் பழகறத ஃபேமிலி குரூப்ல போட்டேனுங்கத்தை... எங்கம்மா வூட்ல எல்லாரும் கேட்டாங்க!"

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் மாரியப்பனும் கேட்டுவிட்டார். சம்பந்தி வீடு வரை தன் திக்கல் போய்விட்டதே என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ரோபோவின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். தீர்த்தம்மாளின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, யாரிடமும் சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் ரோபோவின் மேல் தன் சேலையைப் போர்த்தினாள்.

அந்தச் சத்தியம்தான் இப்போது அவள் வாயைக் கட்டியிருந்தது. சொன்னால் மருமகள் மீதும் பழி விழும்.

"அவரு ஊமையா கெடந்தாதான் உனக்குச் சௌகரியம் போல!" என்றான் குரு.

தீர்த்தம்மாள் தம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"ஆமாண்டா... நான் கெட்டவதான். அப்படியே வெச்சுக்க... அந்தப் பொம்மைய எடுத்துட்டுப் போயிரு!"

அறைக் கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி மாரியப்பன் நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"அ... அவள... தி... திட்டாத..."

மூச்சு வாங்கி, மறுபடி வாயைத் திறந்தார்.

"நா... நாந்தான்... பு... புடுங்குனேன். எ... என் கொரல... ஊ... ஊருக்கே... வுட்டீங்களே..."

எச்சில் வழிந்தது. துடைக்க வந்த மனைவியின் கையை அவர் தட்டிவிடவில்லை.

"பெருமையாத்தான் போட்டேனுங்க மாமா... உங்கள ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியே!" நிர்மலா விம்மினாள்.

குரு அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "ஏம்மா சொல்லல? என்னென்னமோ பேசிட்டேனே..."

"சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாருடா. அது அவரு கொரலு... அவரக் கேக்காம நான் எப்படி எடுத்துக் குடுப்பேன்?"

மாரியப்பன் சேலை போர்த்திய ரோபோவைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"இ... இனிமே... நீ... கேளு."

தீர்த்தம்மாள் அவர் எதிரே உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க... எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."