கல்லாய்ப் போன எலும்பு

சுண்ணாம்பில் இறைச்சி அவித்த வாடை அடித்தது. சோமசேகரம் சிமிழை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, சீ என்று எட்டப் பிடித்தான். பரம்பரையாக மச்ச மாமிசம் தொடாத வீடு அது.

அவனுடைய காணிக்குள் ஒரு சுண்ணக்கல் குகை இருந்தது. காங்கேசன்துறை ரயிலில் வந்திறங்கும் துரைமாருக்குப் பெற்றோமாக்ஸ் விளக்குப் பிடித்து அதைக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. குகைச் சுவரெங்கும் இப்போது உலகத்திலேயே இல்லாத மிருகங்களின் எலும்புகள் புதைந்து கிடந்தன. "உது எலும்பில்லை, கல்லாய்ப் போச்சு. தொட்டால் துடக்கு, தீட்டு ஒண்டுமில்லை" என்று ஊராருக்குச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவனே நம்பிவிட்டான். மாசியில் வீட்டுக்குச் சுண்ணாம்பு சுடச் சிப்பி கிடைக்கவில்லை. உதிர்ந்து கிடந்த துண்டுகளை அள்ளிச் சூளையில் போட்டான். கல்லுத்தானே! சுட்டதைத் தண்ணீர் தெளித்து நீற்றியபோது பானையில் மஞ்சளாய்க் கொழுப்பு மிதந்தது. அதை வழித்து ஊற்றிவிட்டு வாயே திறக்காமல் இருந்தான், பாவி.

அந்தச் சுண்ணாம்பைத்தான் அவன் மனைவி குணலட்சுமி மூன்று மாதமாக வெற்றிலையில் தடவினாள். எட்டு வருடம் கோயில் கோயிலாக நேர்ந்து கிடைத்த பிள்ளை, வயிற்றில் ஏழாம் மாதம். இப்போது அவளுக்கு வெற்றிலையும் வேண்டாம். விரலால் வழித்து அப்படியே நக்குகிறாள்.

சிமிழோடு அடுக்களைக்குள் போனான். உச்சி வெயிலிலும் உள்ளே குகையின் ஈர நாற்றம், அதனோடு ஏதோ மிருகத்தின் மூத்திர நெடி. சுவரோடு சாய்ந்திருந்தாள். உதடு வெந்து தோலுரிந்து, கடைவாயில் வெள்ளையாய் எச்சில் ஒழுகியது.

"குணம், இனி உதைத் தின்னாதை. என்ரை பிழை. அது எலும்பு."

"தெரியுமப்பா. எனக்கும் அருவருப்புத்தான். குடுக்காட்டி உள்ளுக்கை இருந்து கடிக்குது."

"ஆர்?"

அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவன் குனிந்து அதில் காதை வைத்தான்.

நறநற.

நின்றது. மறுபடியும் நறநற.

வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து சிமிழை முற்றத்தில் வீசினான்.

"ஐயோ, ஏன் எறிஞ்சனீங்கள்? பசிக்குதாம் அதுக்கு!"

தொப்புளுக்குக் கீழே தோல் கூம்பி எழுந்தது. பிள்ளையின் குதிகால் என்று ஒரு கணம் அவன் மனம் குளிர்ந்தது.

குதிகால் இல்லை.

பல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு வரிசை. உள்ளிருந்து தோலைப் பற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், அசைபோடத் தொடங்கின.