ஜோர்டான் கிண்ணம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டும் விற்கிற ஹனீப், நாஷ்டாகூட முடிக்காமல் சாராள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் அட்டைப்பெட்டி, மறு கையில் போலீசுக்கு எழுதிய புகார்.

சாராள் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் ஜெயராஜ், ஃபவுண்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே மனைவிக்கு உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். பெட்டியைப் பார்த்ததுமே பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துவிட்டார்.

"ஜோர்டான்ல நான் வேல பாத்தப்ப மொதலாளி கடை சாவி எங்கைலதான் இருக்கும் மேடம்," என்றார் ஹனீப். "நான் கிளம்பறப்ப அவரே இந்த மண் கிண்ணத்த குடுத்தாரு. அவங்க தோட்டத்துல கெணறு தோண்டறப்ப கெடச்சுதாம். ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்னாரு. இருக்குதோ இல்லியோ, இந்த ஏரியால வேற யாருக்கு இப்படிக் குடுத்துக்கிறாங்க?"

சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே பெட்டியைத் திறந்து நீட்டினார். "அத மாத்திட்டான் மேடம். சடையப்பன்."

சடையப்பன் பெரியபாளையம் பக்கத்து விவசாயி, ஹனீபோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று கிண்ணத்தை வாங்கிப் போனார். ஹனீப் வெளியூர் போயிருந்தபோது பெட்டியை அவர் மனைவி மெஹர்னிசாவிடம் திருப்பிக் கொடுத்தார். நேற்று திறந்து பார்த்தால், வெளுத்துப் போய் மண் படிந்திருந்த கிண்ணம் கருஞ்சிவப்பாக மினுங்கியது.

"அவன் தெருவுலயே சட்டி பண்றவங்க இருக்காங்க. புதுசா ஒண்ணு பண்ணி வெச்சிட்டான். கனம் கொறஞ்சது தெரியக் கூடாதுன்னு உள்ள ஒரு பிடி பச்சரிசி வேற."

"அவங்கிட்ட கேட்டீங்களா?"

"போன்ல கேட்டேன். 'என்னைப் பாத்தா கேக்கறே?'ன்னு வெச்சிட்டான். சாயந்தரம் ஸ்டேஷனுக்குப் போறேன்."

அந்தப் புகார் உள்ளே போனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சிநேகிதம் முடிந்தது. ஹனீபுக்கும் அது தெரியும். கண் கலங்கித்தான் இருந்தது.

சாராள் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். அதைச் சுற்றியிருந்த துணியில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டார். ஜோர்டானில் எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கி ஜெயராஜிடம் கொடுத்தார்.

"விளிம்புல ஒடஞ்ச எடம் அப்படியே இருக்குது," என்றார் ஜெயராஜ். "கீழ ஓடற விரிசல்கூட மயிரளவு மாறல. பலே கைகாரன்தான் பண்ணிக்கிறான்."

"யாரும் ஒண்ணும் பண்ணலன்னும் சொல்லலாம்," என்றார் சாராள். "பாய், வண்டிய எடுங்க."

வீட்டு வாசலில் நின்ற சடையப்பன் ஹனீபின் முகத்தையே பார்க்கவில்லை. நடந்தது எதுவும் தெரியாத அவர் மனைவி ஜானகியம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்கண்ணே. அண்ணி வரலியா?"

சாராள் கிண்ணத்தை நீட்டினார். "ஏம்மா, இத எதுல ஊற வெச்சீங்க?"

"அரிசி கழுவின தண்ணிலதான். ரெண்டு நாள் ஊற வெச்சு, தேங்காநாருல தேச்சு, வடிகஞ்சி ஊத்திக் காய வெச்சேன். அப்புறம் நல்லெண்ண தடவினேன். வெளிநாட்டு மண்சட்டி, பழக்காமயே வெச்சிருந்தாங்க. அப்படியே தண்ணி ஊத்தினா கசிஞ்சிருக்கும்."

ஜெயராஜின் பூதக்கண்ணாடி கையிலேயே நின்றுவிட்டது.

"திருடனுக்கு அரிசி எதுக்கு?" என்றார் சாராள். "வாங்கின பாத்திரத்த வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க நம்ம பொம்பளைங்க. அப்ப, பொட்டிய கட்டினது இந்த ஊட்டுக்காரம்மா. அவங்க கண்ணுக்கு இது ரெண்டாயிரம் வருஷத்துப் பழங்காலச் சாமான் இல்ல, மண்சட்டி. புதுச் சட்டி வந்தா இன்னா செய்வாங்க? பழக்குவாங்க. கஞ்சி வாசனையும் எறும்பும் அதத்தான் சொல்லிச்சு. விரிசல் மாறாததுக்குக் காரணம், கிண்ணமும் மாறல."

ஜெயராஜ் மனைவியைப் பார்த்த பார்வையில் ஊருக்கே சொல்லிவிட வேண்டும் என்கிற பெருமை இருந்தது.

"ஏன் சடையப்பா, ஊட்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றார் ஹனீப்.

"நீ என்னைத் திருடன்னு நெனச்சத எம் பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்வேன்?"

ஜானகியம்மாளின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. "ரெண்டாயிரம் வருஷ மண்ணையா தேச்சுக் கழுவிட்டேன்?"

ஹனீப் கிண்ணத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். ஜோர்டான் மண் போய்விட்டது; அது அவருக்கு வலித்தது. அதைவிட சடையப்பனின் முகம் வலித்தது.

"தங்கச்சி, நான் சந்தேகப்பட்டது தப்பு," என்றார். "இத்தினி வருஷத்துல இத யாரும் நம்ம ஊட்டுச் சட்டியா நெனச்சிருக்க மாட்டாங்க. நீதான் நெனச்சே. இதுலயே கொஞ்சம் தண்ணி குடு."

ஜானகியம்மாள் பயந்து பயந்து ஊற்றினார். ஒரு சொட்டு கசியவில்லை. ஹனீப் ராஜாவைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து பாதி குடித்துவிட்டு, மீதியைச் சடையப்பன் பக்கம் நீட்டினார்.

சடையப்பன் உடனே வாங்கிவிடவில்லை. "இது ரெண்டாயிரம் வருஷம்னு நெஜமா சொன்னாரா உன் மொதலாளி?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக் குடித்தார்.