பூட்டக் கூடாத கதவு

ஏரி முழுவதும் கண்ணாடித் தகடு போல மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது. குடிசையைச் சுற்றி மட்டும் படரவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பால் பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டே வந்த வெர்லின் ஹாஸ்கெம்ப், கடைசி இருபதடியில் துடுப்பு சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியதும் கையை நிறுத்தினான். குடிசையின் நான்கு கால்களையும் சுற்றி வட்டமாகக் கறுப்புத் தண்ணீர். யாரோ இரவெல்லாம் அதைக் கலக்கிக்கொண்டே இருந்தது போல உறையாமல் கிடந்தது. அடியில் ஊற்று இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பதினோரு வருடமாக இந்த ஏரியில் வாத்து வேட்டையாடுகிறவன். ஊற்று எதையும் அவன் பார்த்ததில்லை.

எண்பத்தாறாம் வருடம், டிசம்பர் கடைசி. அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றிலிருந்து கிளம்பும் மூடுபனி மூன்று நாளாக விலகவே இல்லை. மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. படகைக் குடிசையின் மறுபக்கத்துக் காலில் கட்டிவிட்டு, ஏணியில் நான்கு படி ஏறி, கதவின் முன்னால் இருந்த குறுகிய பலகை மேடையில் நின்றான். கீழே பார்க்காமல் கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனான்.

குடிசை என்றால் வீடு இல்லை. தண்ணீரில் கால் ஊன்றி, பலகை அடித்து, வெளியே ஓக் கிளைகளையும் நாணலையும் கட்டி, வாத்துகளின் கண்ணில் படாமல் மனிதன் ஒளிந்து உட்காருகிற பெட்டி. ஏரி அரசாங்கத்தினுடையது. கோடையில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சீட்டு விழுந்தவர் கட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு விதிகள் அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுப்பார்கள். உயிருள்ள மரத்தை வெட்டக் கூடாது. சொந்தக்காரரின் பெயரும் ஊரும் கதவில் ஓர் அங்குல எழுத்தில் இருக்க வேண்டும். வேட்டைக் காலம் முடிந்து பதினைந்து நாளுக்குள் பிரித்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பதினைந்தாவது நாள் இன்றுதான்.

எட்டாவது விதி வெர்லினுக்கு மனப்பாடம். குடிசையைப் பூட்டக் கூடாது. விடிவதற்குள் சொந்தக்காரர் வந்து உட்காராவிட்டால், அன்று அந்த இடம் முதலில் வருகிறவருக்கு.

காலையில் சமையலறையில் மனைவி நெட்டா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "தனியாப் போகாதீங்க. டாய்லைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பலகையாவது தூக்குவான்."

டாய்ல் அவளுடைய தம்பி. ஊர்த் தானியக் கிடங்கில் வேலை. வாத்து வேட்டை என்றாலே கொட்டாவி விடுகிறவன். பொரித்த முட்டையை வாயில் போட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான்.

"மச்சான், வெளியப் பாருங்க. என் மூக்கே எனக்குத் தெரியல."

"உன் மூக்கு தெரியாம இருக்கிறது ஊருக்கு நல்லது."

"சரி, சரி. எத்தனை மணிக்கு வருவீங்க?"

"மூணுக்குள்ள வந்துடுவேன். நாலு பலகை பிரிக்க எதுக்கு ரெண்டு பேரு?"

"வரலைன்னா வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். அக்காகிட்ட திட்டு வாங்க என்னால முடியாது."

டாய்லைக் கூட்டி வராததற்குக் காரணம் கதவு. அதைக் கழற்றும்போது, பக்கச் சட்டத்தில் இருக்கும் நான்கு ஓட்டைகள் அவன் கண்ணில் படும். தச்சு வேலை தெரிந்தவன். கொண்டி அடித்த ஓட்டை எது, ஆணி ஓட்டை எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

அந்த ஓட்டைகள் வந்தது இப்படித்தான். அக்டோபரில் இரண்டு முறை வெளியூர்க்காரர்கள் வந்து வெர்லினின் குடிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். காலித் தோட்டாக்களை அப்படியே போட்டுவிட்டு, மூலையில் மூத்திரமும் பெய்திருந்தார்கள். தன் பணத்தில் வாங்கிய பலகை, தன் கையால் அடித்த ஆணி. வெர்லின் யாரிடமும் சொல்லாமல் ஒரு கொண்டியும் பூட்டும் வாங்கிக் கதவில் மாட்டினான். துப்பாக்கி நீட்டும் பிளவுக்கும் பலகை அடித்து மூடினான். நவம்பர் மாதம், காற்று பேய் பிடித்ததுபோல அடித்த ஒரு புதன்கிழமை, எமெட் ரூஸ் என்கிற அறுபத்தொரு வயதுக்காரரின் படகு ஏரி நடுவில் கவிழ்ந்தது. அவர் நெஞ்சளவு தண்ணீரில் நடந்தும் நீந்தியும் கண்ணுக்குத் தெரிந்த ஒரே மறைவுக்கு வந்து சேர்ந்தார். ஏணியில் ஏறினார்.

மறுநாள் காலை வெர்லின்தான் அவரைக் கண்டான். கதவில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடியில் பனி. வலது கையில் மூன்று நகங்கள் இல்லை.

வெர்லின் உடனே ஆள் கூப்பிடப் போகவில்லை. பேனாக்கத்தியை எடுத்துக் கொண்டியின் திருகாணிகளைக் கழற்றினான். கடைசித் திருகாணிக்குக் கத்தி எட்டவில்லை. எமெட்டின் தலையை, ஒரு கதவுப் பிடியை நகர்த்துவதுபோல, இடது கையால் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கழற்றினான். பூட்டும் கொண்டியும் தண்ணீரில் போயின. ஓட்டைகளில் சேற்றை அப்பினான். அதற்கப்புறம்தான் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினான்.

அந்தக் கோட்டைத்தான் ஊர் பேசியது. "கை விறைச்சுப் போச்சுன்னா கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்று காவலர் தோளைத் தட்டினார். தேவாலயத்தில் பாதிரியார் அவன் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். எமெட்டின் மகள் கார்லா இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, வால்நட் கேக் ஒன்றை நெட்டாவின் கையில் கொடுத்தாள். "எங்கப்பா அனாதையா கெடக்காம உங்க கோட்டுக்குள்ள இருந்தாரு. அது போதும் எனக்கு" என்று வெர்லினின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் எதிரில் அவன் அந்தக் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட வேண்டியிருந்தது. சாப்பிட்டான். இன்னொரு துண்டும் வைத்தாள். அதையும் சாப்பிட்டான்.

இன்றுகூட ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூசி, கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

குடிசைக்குள் பழைய நாணலும் மண்ணெண்ணெயும் ஈர நாயும் கலந்த வாடை. கதவைச் சாத்திக்கொண்டு, லாந்தரைக் கொளுத்தி, பெஞ்சுப் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பத் தொடங்கினான். ஒவ்வொரு ஆணியும் வரும்போது கீச்சிட்டது. அந்தக் கீச்சுகளுக்கு நடுவே எங்கோ ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. ஆற்றுப் பக்கமாக இருக்கலாம். மூடுபனியில் திசை தெரியாது. ஏதோ கட்டையில் மோதியது போல ஒரு மந்தமான ஓசை. பிறகு மோட்டார் நின்றுவிட்டது. வெர்லின் கொஞ்ச நேரம் காது கொடுத்தான். வாத்து கத்தவில்லை. தண்ணீர்க் கோழி கத்தவில்லை. ஈரப் பஞ்சை அடைத்துவைத்த காது போல ஏரி அடங்கிக் கிடந்தது.

மறுபடி கடப்பாரையை எடுத்தான். இரண்டாவது பெஞ்சு பாதி கழன்றிருந்தபோது அந்தச் சத்தம்.

பனிக்கட்டி உடைகிற சத்தம். படகு உடைப்பதுபோல நீளமாக இல்லை. ஒரு முறை உடைந்தது. நின்றது. தண்ணீர் மெல்ல அலம்பியது. மறுபடி ஒரு முறை உடைந்தது. நெஞ்சால் மோதி மோதிப் பனியை உடைத்துக்கொண்டு, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, யாரோ தண்ணீருக்குள் நடந்து வருவதுபோல. அது அவசரப்படவில்லை. சுற்றி அலையவும் இல்லை. லாந்தர் வெளிச்சம் பலகை இடுக்குகளில் கசிகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊதி அணைத்தான்.

உடைகிற சத்தம் நின்றது. கறுப்புத் தண்ணீர் வட்டத்துக்கு வந்துவிட்டது. இனி உடைக்கப் பனி இல்லை.

தண்ணீர் சலசலத்தது. ஏணி முனகியது. முதல் படி. நெடுநேரம் ஒன்றுமில்லை. இரண்டாம் படி. மூன்றாவது. நான்காவது. மேடைப் பலகையில் கனமான, ஈரமான எதுவோ விழுந்தது.

வெர்லின் கதவின் உள்பக்கத்துக் கயிற்றைப் பிடித்தான். வெளியே திறக்கிற கதவு. உள்ளே இழுத்து மூடுவதற்காக அவனே கட்டிய கயிறு. அதை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றினான். இரண்டு பூட்ஸையும் கதவுச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துப் பின்னால் சாய்ந்தான். எதற்காக என்று யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது.

கதவு அசைந்தது. யாரோ அதன் விளிம்பை இழுத்தார்கள். பலமில்லாத இழுப்பு. குழந்தை இழுப்பதுபோல.

அவன் இன்னும் இறுக்கினான்.

பலகையில் விரல்கள் தடவின. மேலே, கீழே. சட்டத்தின் பக்கமாக. நகம் கீறியது. பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடுகிடுத்தன. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வர முயன்றது.

"ம்... ம்... ம..."

வெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சேற்று வாடை இடுக்கு வழியாக உள்ளே வந்தது.

"எமெட்," என்றான். தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. "எமெட், நான்தான். நான்தான் பூட்டினேன். எனக்குத் தெரியாது நீங்க வருவீங்கன்னு. அப்புறம் தெரிஞ்சும் மறைச்சேன். உங்க பொண்ணு கொண்டுவந்த கேக்கைத் தின்னேன். மன்னிச்சிடுங்க."

வெளியே மூச்சு நின்று, மறுபடி வந்தது.

"ம... ச்... ச..."

"போயிடுங்க," என்றான் வெர்லின். அழுதான். "தயவுசெஞ்சு போயிடுங்க."

கயிறு மணிக்கட்டில் தோலை அறுத்தது. விடவில்லை. கதவு இன்னும் இரண்டு முறை அசைந்தது. பிறகு விரல்கள் மட்டும். பிறகு ஒரே ஒரு விரல், நின்று நின்று, தட்டுவதுபோல. கடைசியில் கதவின்மேல் ஒரு பாரம் சாய்ந்தது. பற்களின் சத்தம் மெலிந்தது. மெலிந்து, இல்லாமல் போனது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தான் என்று தெரியாது. இடுக்குகளில் சாம்பல் நிறமும் போய்விட்டது. கால் மரத்துவிட்டது. ஏரியில் ஒரு சத்தமும் இல்லை. மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்து, லாந்தரை மறுபடி ஏற்றி, தோளால் கதவைத் தள்ளினான். பாரம் நகர்ந்து, மேடையில் மெல்லச் சரிந்தது.

முதலில் தொப்பியைப் பார்த்தான். சிவப்புத் தொப்பி. தானியக் கிடங்குக்காரர்கள் போடுவது.

டாய்ல் ஒருக்களித்துக் கிடந்தான். புருவத்தில், மீசையில், கழுத்துச் சட்டையில் தண்ணீர் பனியாகி வெளுத்திருந்தது. நெற்றியில் எதிலோ மோதிய காயம். உதடுகள் ஒரு சொல்லின் பாதியில் நின்றிருந்தன. அது என்ன சொல் என்று வெர்லினுக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அவனை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

மண்டியிட்டு, அவன் கன்னத்தில் அறைந்தான். நெஞ்சில் காதை வைத்தான். வாயில் வாய் வைத்து ஊதினான். உள்ளே போன காற்று அப்படியே குளிர்ந்து திரும்பி வந்தது. தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டான். போட்டதும் கையை நெருப்பில் வைத்ததுபோல இழுத்துக்கொண்டான். "டாய்ல், எந்திரிடா. டேய். உங்க அக்கா திட்டுவாடா." குடிசைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. உள்ளே இழுத்துப் போட்டால், அடுப்பை ஏற்றினால். அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் திரும்பினான்.

அகலத் திறந்து வைத்திருந்த கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை. மூடுபனி அசையக்கூட இல்லை. கதவு சட்டத்தில் போய்ப் பொருந்தியது. உள்ளே கயிறு இறுகுகிற சத்தம் கேட்டது.

வெர்லின் டாய்லைக் கீழே கிடத்திவிட்டு விளிம்பைப் பிடித்து இழுத்தான். ஒரு விரற்கடை வந்தது. அந்த இடுக்கில் இருட்டு. மறுபடி உள்ளே போனது. இழுத்தான். நகம் மடங்கி உடைந்தது. தன் பற்கள் கிடுகிடுக்கத் தொடங்கியதைக் கேட்டான். கூப்பிட வாய் திறந்தான். யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

பலகையில் காதை வைத்தான். மறுபக்கத்தில், அதே உயரத்தில், யாரோ காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வெளியே இருப்பவனின் சத்தம் அடங்குவதற்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.