இடது ஓரத்தில் ஒரு நிறுத்தம்

சக்கரம் இடது ஓரத்தில் ஒரு கணம் நின்றது. அப்புறம்தான் திரும்பியது.

புரோகிராமை அவள் அப்படி எழுதவில்லை. டிஜிட்டல் வாட்ச்சின் முகப்பில், கண்ணாடிக்கு அடியில் நிஜமாகவே இருப்பதுபோல அவள் வரைந்திருந்த பேலன்ஸ் வீல், சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்குள் ஆடும் அந்தச் சக்கரம், இடமும் வலமும் தயங்காமல் ஊசலாட வேண்டும். பிழை கண்ணில் படட்டும் என்று வேகத்தை வெகுவாகக் குறைத்துவைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஆடியது. அப்பாவின் கையில் கட்டிவிட்ட சோதனை வாட்ச்சில் மட்டும் திக்கியது. அந்த வாட்ச்சின் திரை அவள் கம்ப்யூட்டர் ஓரத்திலும் சிறு கட்டமாகத் தெரிந்ததால், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மேனேஜர் பலமுறை திருப்பி அனுப்பிவிட்டார். பொம்மை மாதிரி இருக்கிறதாம். இன்று மாலைக்குள் சரியாக வராவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாராம். அதை அவர் கோபமே இல்லாமல் சொன்னதுதான் அவளுக்கு எரிச்சல்.

கட்டிவிடும்போது அப்பா சிரித்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்மா, இல்லாத சக்கரத்தைச் சுத்த வைக்கவா இவ்வளவு படிச்ச? நான் இருக்கிற சக்கரத்தையே ஆயுசு பூரா ஓட்டினேன். ஒருத்தரும் கண்டுக்கல."

"கழட்டிடாதீங்கப்பா. கையை விட்டு எடுத்தா சக்கரம் நின்னுடும். சார்ஜ் மிச்சமாகட்டும்னு நான்தான் அப்படி வெச்சிருக்கேன்."

"தூங்கலாமா, அதுக்கும் உன் மேனேஜரைக் கேக்கணுமா?"

பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

வெளியே மழை. சாத்திய ஜன்னல்களுக்குள் ஈரத்துணி வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் கலந்து நின்றன. ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தாள். அழித்தாள், மறுபடி எழுதினாள், வாட்ச்சுக்கு அனுப்பினாள். இடது ஓரம் வந்ததும் நின்றது. மேசையை உள்ளங்கையால் அடித்தாள். யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோதுதான், ஃபேனின் முனகலுக்கும் ஓட்டிலிருந்து சொட்டும் நீருக்கும் இடையில், இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டே இருந்த அப்பாவின் குறட்டையைக் கவனித்தாள். மூச்சு ஏறியது. ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது.

கட்டத்தில் சக்கரம் இடப்பக்கம் போனது. நின்றது. திரும்பியது.

மூச்சை அளக்கும் எதையும் அவள் சேர்க்கவில்லை. தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டாள். எரிச்சல் தீரவில்லை. எங்கும் நிற்காதே, ஒரே சீராகப் போ என்று புதிதாக ஒரு வரி எழுதி அனுப்பினாள். திக்கல் போய்விட்டது. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஆடியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

குறட்டையிலும் நிறுத்தம் இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பம்பு போல.

தற்செயல்தானா என்று பார்க்க, விரல் தானாகவே வேகத்தைப் பாதியாக்கியது. அனுப்பியது.

பக்கத்து அறையில் ஒரு மூச்சு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

பழையதைத் திருப்பி அனுப்பினாள். வாட்ச் ஏற்கவில்லை. சார்ஜ் போதாது என்றது. மறுபடி அழுத்தினாள். போதாது.

சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அப்பா தூங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை. வாய் ஏதோ சொல்லப் பார்த்தது. மூச்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை, அது தன்பாட்டில் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மணிக்கட்டில் சக்கரமும்.

"அப்பா, எழுந்திருங்கப்பா."

கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளக் இருந்தது. சார்ஜரைச் செருகினாள். அதன் வட்டத் தகட்டை வாட்ச்சின் அடியில் ஒட்ட வேண்டும். அடிப்பக்கம் தோலோடு ஒட்டியிருந்தது.

வாரின் கொக்கியில் விரலை வைத்தாள்.

எடுத்தால் நின்றுவிடும். தளர்த்தினாலும். அவள் எழுதியது.

விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

திரை மங்கியது. சக்கரம் இடது ஓரத்தை நோக்கி நகர்ந்தது. அப்பாவின் மார்பு ஏறியது. இன்னும் ஏறியது.

சக்கரம் நின்றது.

ஓட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

திரை கறுத்துவிட்டது. ஏறிய மார்பு இறங்கவில்லை. அப்பாவின் கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. பிறகு அவள் கையிலிருந்த தகட்டை. பிறகு மறுபடி அவளை.