அவள் போட்ட முடிச்சு

காட்டுப் பூங்காவின் வாசலில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். காற்று துளியும் இல்லை. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கயிற்றிலிருந்து தொங்கிய நார்கள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. தையல்காரி அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்? கடைசி பஸ் ஐந்தரைக்கு. ஆறு மாதமாக நச்சரித்த மகளுக்காகக் கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

வழிகாட்டிப் பெண் அந்தக் காட்டின் பூர்வகுடி. பூங்காவின் சீருடைச் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக நின்று, ஆளுக்கொரு நாரைக் காட்டினாள்.

"உள்ள போறவங்க ஆளுக்கொரு முடிச்சு போடணும் அக்கா. நான் விருந்தாளி, திரும்பிப் போயிருவேன்னு காட்டுக்குச் சொல்ற மாதிரி. வெளிய வரும்போது போட்ட கைதான் அவிழ்க்கணும். அறுக்க மட்டும் கூடாது."

"அறுத்தா என்னாகும்?" என்றாள் வாயாடி. எட்டு வயது மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

"தன் பிள்ளைன்னு காடு வச்சுக்கும்." வழிகாட்டி சிரிக்கவில்லை.

"உள்ள வழி தவறிட்டா?"

"ஓடக் கூடாது பாப்பா. நின்ன இடத்துலயே நில்லு. அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்க."

வாயாடி முடிச்சு போடத் தெரியாமல் நாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "இப்படிக் குடு" என்று பிடுங்கித் தையல்காரியே போட்டாள். இருபது வருஷம் பழகிய கை. நுனியை எச்சில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவள் தைத்த பட்டன், சட்டையே கிழிந்தாலும் விழாது என்று தெருவே சொல்லும்.

உள்ளே மூங்கில் வீடுகள், மீன் பிடிக்கும் கூடைகள், சாணைக் கற்கள். எங்கும் பழைய புகையும் ஈர மண்ணும் கலந்த வாசனை. கடைசி வீட்டில் ஒரு நார் உடுப்பு தொங்கியது. அதில் தையலே கிடையாது. ஆயிரக்கணக்கான பொடி முடிச்சுகளாலேயே அதைச் செய்திருந்தார்கள்.

"ஊசி வர்றதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க இப்படித்தான் அக்கா."

தொழில் புத்தி யாரை விட்டது? தையல்காரியின் விரல்கள் தாமாக அந்தத் தோளை அளந்தன. பதினோரு அங்குலம். வாயாடியின் அளவு, மயிரிழை பிசகாமல். எட்டு வயதுப் பிள்ளைகள் உலகத்தில் எத்தனையோ பேர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் கையைப் புடவையில் துடைத்தாள்.

வழிகாட்டி வீடுகளைப் பூட்ட நின்றுவிட்டாள். தாயும் மகளும் வாசலை நெருங்கும்போது பஸ் ஹாரன் கேட்டது. தையல்காரி தனக்கென்று பேருக்குப் போட்டிருந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். மகளின் முடிச்சு அசையவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை நுழையாது, நகம் நுழையுமா? மறுபடி ஹாரன். வாயாடி நாலடி பின்னால் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாடி சீக்கிரம்" என்று திரும்பாமலே கத்தினாள். அவிழாத நூலைக் கடையில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிட்டாள். முடிச்சு உள்ளங்கையில் விழுந்தது. பைக்குள் போட்டாள்.

சில்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது. ஜில்லென்றிருந்தது. இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் பின்னிருக்கைதான் கிடைத்தது. பிள்ளை மடியில் ஏறி முகத்தை அவள் மார்பில் புதைத்துக்கொண்டது. டிரைவர் வண்டியைத் திருப்ப, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு அமைதி? தூக்கத்தில்கூட இவள் வாய் ஓயாதே.

"பசிக்குதா கண்ணு?"

முகம் இன்னும் ஆழமாகப் புதைந்தது. பிள்ளையின் தலைமுடியில் அந்தப் புகை வாசனை. ஈர மண்.

பழக்கத்தில் முதுகைத் தடவினாள். போன வாரம் அவளே தைத்த நீலக் கவுன். விரல் தோள் விளிம்பில் ஓடியது. நின்றது. திரும்பி வந்தது. தையல் இல்லை. பொடிப் பொடியாக ஏதோ நெருடியது.

முடிச்சுகள்.

திரும்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தாள்.

வாசல் கயிற்றின் அடியில் வாயாடி நின்றாள். நீலக் கவுன். அறுந்த நாரை ஒரு கையால் பிடித்திருந்தாள். ஓடி வரவில்லை. கூப்பிடவில்லை. சொன்னபடி நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா வருவாள் என்று.

"நிறுத்துங்க." காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. எழப் பார்த்தாள். மடியில் பாறாங்கல் பாரம்.

பஸ் நகர்ந்தது.

போட்ட கை. போட்ட கைதான் அவிழ்க்கணும். பைக்குள் கை விட்டாள். முடிச்சு கிடைத்தது. நகத்தால் நெம்பினாள். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். ரத்தம். ஒரு சுற்று தளர்ந்தது. அவிழ்கிறது. அவிழ்கிறது. என் தங்கமே, இதோ. ஜன்னலில் அந்த நீலம் சிறுத்துக்கொண்டே போனது.

மடியிலிருந்தது மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது. முடிச்சின் மறுநுனியைச் சின்ன விரல்களால் எடுத்தது. எச்சில் தொட்டு ஈரமாக்கியது. இரண்டு சுற்றுச் சுற்றியது.

பிறகு, அவளைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு, இழுத்தது.