கடைசியாகத் துப்புகிறவருக்கே வெற்றி

வீட்டில் அவளுக்கு ‘ஆமை’ என்று பெயர். அவள் ஒரு டம்ளர் பால் குடித்து முடிப்பதற்குள் பள்ளிப் பேருந்தே போய்விடும்.

அந்த ஆமைக்குத்தான் இப்போது கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

“பார்க்கற எனக்கே தலை சுத்துது. கொஞ்சம் உட்காரேன்மா,” என்றார் அப்பா.

எப்படி உட்காருவது? கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி படுத்திருந்தான். அவனுடைய எலும்பு மஜ்ஜைக்கு நல்ல ரத்தம் உண்டாக்கத் தெரியவில்லை. அதனால் இவளுடைய மஜ்ஜையில் கொஞ்சம் எடுத்து அவனுக்கு ஏற்றியிருந்தார்கள். அது வேலையைத் தொடங்கினால்தான் அவன் பிழைத்து வீட்டுக்கு வர முடியும். இன்னும் தொடங்கவில்லை.

நர்ஸ் அக்கா வெளியே வந்ததும் ஆமை குறுக்கே போய் நின்றாள்.

“அக்கா, என்னோடது சோம்பேறி மஜ்ஜையா? நான் மெதுவா இருக்கறதாலதான் அதுவும்...”

நர்ஸ் அக்கா சிரிக்கவில்லை. “அதுக்குத்தான் இந்த நடையா? யாரோட மஜ்ஜையா இருந்தாலும் புது எலும்புக்குள்ள இடம் புடிச்சு உட்கார நாளாகும். அதுவரைக்கும் கிருமி உள்ளே போகாம காவல் காக்கறது என் வேலை. உன் தம்பிதான் ஒத்துழைக்க மாட்டேங்கறான். வாயெல்லாம் புண்ணு. மருந்துத் தண்ணியில கொப்பளிக்கச் சொன்னா, எரியுதுன்னு உடனே துப்பிடறான்.”

ஆமை யோசித்தாள். தம்பிக்கு எதிலும் தோற்கப் பிடிக்காது. கண்ணாடியருகே இருந்த போனை எடுத்தாள்.

“டேய், போட்டிக்கு வர்றியா? வாய் கொப்பளிக்கற போட்டி. கடைசியா துப்பறவங்கதான் ஜெயிச்சவங்க.”

“போடி ஆமை. வாய் எரியுது.”

“தோத்துடுவேன்னு பயமா?”

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

நர்ஸ் அக்கா கையைத் தேய்த்துக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கிண்ணத்தைப் பிடித்தார். வெளியே ஆமை வெறும் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டாள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கன்னங்கள் உப்பின. தம்பியின் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவன் விடவில்லை.

“என்ன, ரெண்டு பேருக்கும் பல்வலியா?” என்று அப்பா எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆமைக்குச் சிரிப்பு வந்து சட்டையெல்லாம் நனைந்தது.

தம்பி நிதானமாகத் துப்பினான். “மெதுவா செய்யறதுலகூட நீ தோத்துட்ட!”

அதன்பிறகு தினமும் போட்டி நடந்தது. தினமும் அவனே ஜெயித்தான். ஆமையின் நடை மட்டும் ஓயவில்லை.

ஒரு நாள் காலை நர்ஸ் அக்கா கிட்டத்தட்ட ஓடியே வந்தார்.

“வெள்ளை அணுக்கள் ஏற ஆரம்பிச்சிருக்கு! உன் மஜ்ஜை வேலையைத் தொடங்கிடுச்சு!”

உள்ளேயிருந்து தம்பி போனில் கத்தினான்: “ஏண்டி இவ்ளோ லேட்டு?”

“ஆமையோட மஜ்ஜைடா. சாவகாசமாத்தான் வரும்,” என்று சொல்லிவிட்டு, அந்த வராந்தாவில் முதல்முறையாக நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள் அவள்.