முட்டியளவுத் தண்ணீர்

கலைவாணனின் புது மேசை மட்டமாக நிற்க மறுத்தது.

மேசையைக் குறை சொல்ல முடியாது. ஆசாரி வேலாயுதம் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தது. கனத்த வேங்கைப் பலகை, நான்கு காலும் நூல் பிடித்தாற்போல் இருந்தன. செய்து முடித்த அன்று ரசமட்டத்தை அதன்மேல் வைத்தபோது, கண்ணாடிக் குழலுக்குள் இருந்த குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நின்றது. மறுநாள் காலையில் அது இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கலைவாணன் ஒரு காலுக்கு அடியில் தகரத் துண்டு ஒன்றைச் செருகினான். மத்தியானம் வந்து பார்த்தால் குமிழி வலப்பக்கம் போயிருந்தது. வேலாயுதத்துக்குப் போன் செய்தான். புதுத் தரை கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், நாலு நாள் விட்டுப் பாருங்க என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

மாதிரிக் கப்பல் செய்கிறவனுக்கு மட்டம் பெரிய விஷயம். அடிக்கட்டை ஒரு மயிரிழை கோணினால் போதும், மேலே ஏற ஏற மொத்தக் கப்பலும் கோணிவிடும்.

செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கமாகப் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் அவன் வீடு. கார் வாங்குவோம் என்று கட்டிய முன்கொட்டகைக்குக் கார் வரவே இல்லை. அதைத்தான் சுவர் வைத்து அடைத்து, ஒரு ஜன்னலும் கதவும் போட்டுப் பட்டறையாக்கினான். சுவரில் பலகை அடித்து, உளிக்கும் அரத்துக்கும் சின்ன ரம்பத்துக்கும் தனித்தனிக் கொக்கி மாட்டினான். யோசனை அவன் மனைவி இளவரசியுடையது. அவளுக்குக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை. பதினெட்டு வருஷம் கப்பலில் ஃபிட்டராக இருந்த மனுஷன், இனிமேல் போகமாட்டேன் என்று வந்து உட்கார்ந்த இந்த மூன்று வருஷமாகச் சரியாகத் தூங்காமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு வேலை கொடுத்தால் மனசு தானாக அடங்கும் என்றாள். அவனுக்குத் தெரிந்த வேலை கப்பல். வரைபடம் இல்லாமல், மனசிலிருந்தே செய்யக்கூடியது ஒரே ஒரு கப்பல். கடைசியாக வேலை பார்த்த ‘ஹரிணி’.

கொட்டகைத் தரையில் சம்ப் இருந்தது. ஆறடி ஆழத் தண்ணீர்த் தொட்டி, இறங்கிக் கழுவுவதற்குச் சுவரில் பதித்த கம்பிப் படிகள், மேலே இரும்பு மூடி. அதை வெளியே மாற்றிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். எதற்கு வீண் வேலை என்று கலைவாணன் விட்டுவிட்டான். ஆகவே மூடி மேசைக்கு முன்னால், அவன் நின்று வேலை செய்யும் இடத்திலேயே அமைந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை, இளவரசி வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவன் குமிழியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான். ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்தது. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. குமிழி நகர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து இடக்கோட்டைத் தாண்டிப் போய், அங்கே மூச்சு வாங்குவதுபோல் நின்று, திரும்பியது. அவன் தன்னையறியாமல் எண்ணினான். இந்தப் பக்கம் ஏழு. அந்தப் பக்கம் ஏழு. பிறகுதான் கவனித்தான், அவனுடைய முழங்கால்கள் அவனைக் கேட்காமலே மாறி மாறி வளைந்து கொடுத்துக்கொண்டிருந்தன. பதினெட்டு வருஷம் கடல்மேல் நின்று பழகிய கால்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் ஆட்டம் உண்டு, கண்ணைக் கட்டி ஏற்றிவிட்டாலும் பழகியவன் சொல்லிவிடுவான். பாரம் ஏற்றிய ஹரிணிக்கு ஏழும் ஏழும் பதினாலு நொடி.

வந்தவாசி ரோட்டில் லாரி போகிற அதிர்வு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரசமட்டத்தை எடுத்து டிராயரில் போட்டு மூடினான்.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. மூன்றடி நீளத்துக்கு அடிக்கட்டை, விலா விலாவாகச் சட்டங்கள், அதன்மேல் தண்ணீரில் ஊறவைத்து வளைத்த மெல்லிய தேக்குப் பட்டைகள். ஆனால் இரண்டு வாரத்துக்குப் பிறகு பட்டறையின் வாசனை மாறத் தொடங்கியது. முதலில் ஃபெவிகாலும் தேக்கும் வார்னிஷும்தான் மணந்தன. பிறகு, கதவைத் திறந்ததும், அவற்றுக்கு அடியில் இன்னொன்று படுத்திருந்தது. டீசல் கலந்த ஈரம். நாள்பட்ட இரும்பின் வாடை. உப்பு. சம்ப்பிலிருந்து வருகிறதோ என்று மூடியைத் தூக்கிப் பார்த்தான். விளிம்புவரை குழாய்த் தண்ணீர், அடித்தரை தெரிகிற தெளிவில். ஒரு வாய் அள்ளிக் குடித்தும் பார்த்தான். நல்ல தண்ணீர். மூடினான். மூடிய கையை எடுக்குமுன், கீழே எங்கோ, ஆறடியைவிட எவ்வளவோ ஆழத்தில், தண்ணீர் இரும்புச் சுவரில் மோதி இறங்கும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவன் ரேடியோ போட்டுக்கொண்டு வேலை செய்தான்.

கப்பலின் பின்பகுதிக்கு வந்தபோது கை நின்றது. இயந்திர அறைக்குப் பின்னால், சுக்கானைத் திருப்பும் இயந்திரம் இருக்கும் சின்ன அறை. மற்ற எல்லா அறைகளையும் உள்ளே குடைந்து செய்தவன், அந்த இடத்தை மட்டும் குடையாமல், கெட்டிக் கட்டையாகவே வைத்து ஒட்டினான். ஒட்டிய பசை காய்வதற்குள் சத்தம் வந்தது.

டக் டக். கொஞ்சம் தள்ளி, டக்.

காலுக்கு அடியில். மூடிக்கு உள்ளே இருந்து.

அவன் ரேடியோவைக் கூட்டி வைத்தான். பாட்டுக்கு நடுவிலும் உள்ளங்கால் வழியாக அது ஏறி வந்தது. டக் டக். டக்.

அந்தத் தட்டல் அவனுக்குத் தெரியும். அய்யம்பேட்டைப் பையன் யுவன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை வேலை என்று அலைந்தவனை ஹரிணியில் சேர்த்துவிட்டதே கலைவாணன்தான். புயலில் கப்பலின் பின்பக்கத் தகடு விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறிய அன்று, சுக்கான் அறைக் கதவை இறுக்கி மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கதவுக்கு எட்டுக் கைப்பிடிகள். ஆறாவதைத் திருகும்போது உள்ளே இருந்து தட்டினான் யுவன். கதவிடுக்கில் கசிந்ததைப் பார்த்தே கலைவாணனுக்குத் தெரிந்திருந்தது, உள்ளே தண்ணீர் முட்டியளவுக்கு மேல் இருக்காது. ஆறு கைப்பிடியையும் அவிழ்க்க அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் கடல் மொத்தமும் தன்மேல் வந்து விழும் என்று அவன் உடம்பு நம்பியது. ஏழாவதைத் திருகினான். எட்டாவதைத் திருகினான். பிறகு நெடுநேரம் அங்கேயே நின்றான். தட்டல் நிற்கும்வரை.

விசாரணை அதிகாரி சத்தம் ஏதாவது கேட்டதா என்று கேட்டார். கேட்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். இளவரசியிடமும் அதையேதான் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை காலை இளவரசி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். யுவனின் மனைவி ஜெயப்ரியாவை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தாளாம். வீட்டில் கப்பல் செய்வதைச் சொன்னதும் அந்தப் பெண் வந்து பார்க்கிறேன் என்றாளாம். இன்றைக்கே மூன்று மணிக்கு வருகிறாள், நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். கலைவாணன் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினான். கிடைப்பதற்குள் ஸ்கூட்டி தெருமுனை திரும்பிவிட்டது.

ஜெயப்ரியா மூன்றுக்கு முன்பே வந்துவிட்டாள். இருபத்தேழு வயதுக்கு மெலிந்த உடம்பு, தையல் கடையில் குனிந்து குனிந்து வளைந்த தோள். செருப்பைப் பட்டறை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, சாமி பார்ப்பதுபோல் கப்பலைப் பார்த்தாள். வெளியே நல்ல வெயில். தெருவில் தண்ணீர் கேன் வண்டி ஹாரன் அடித்துப் போனது.

“அவரு எங்க நின்னு வேலை செஞ்சாரு, எங்க படுத்தாருன்னு எதுவுமே எனக்குத் தெரியாதுண்ணா. பொட்டிய மூடியே குடுத்துட்டாங்க. ஒரு தடவ எடத்தயாவது பாக்கணும்னு இருந்துச்சு.”

அவன் காட்டினான். இது சாப்பிடும் அறை. இது அவன் படுத்த இடம். இது இயந்திர அறை. குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அவள் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்து, தலையாட்டி, கடைசியில் பின்பகுதிக்கு வந்தாள்.

“இங்கயா?”

விரல் முட்டியால் அந்தக் கெட்டிக் கட்டையை மெதுவாகத் தட்டினாள்.

தரைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. டக் டக். டக்.

ஜெயப்ரியா நிமிரவில்லை. அப்படியே நின்றாள். கட்டைமேல் இருந்த விரல் நடுங்கவில்லை. அவன் முகம்தான் ரத்தம் வற்றி வெளுத்தது.

“வீட்டுக்கு வந்தா இப்டித்தாண்ணா தட்டுவாரு” என்றாள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

பைப்பில் காற்று அடைத்திருக்கிறது, மோட்டார் போட்டால் இப்படித்தான் என்று அவன் என்னென்னவோ சொன்னான். அவள் அதற்குள் மண்டியிட்டுவிட்டாள். வளையத்தைப் பிடித்து மூடியை இழுத்தாள். அவன் இரண்டு கையாலும் தூக்குகிற மூடி, அவள் கைக்கு அட்டைபோல் வந்தது. டீசலும் உப்பும் கலந்த காற்று குப்பென்று எழுந்து ஜன்னல் வெயிலை மங்கலாக்கியது.

காலையில்தான் மோட்டார் போட்டு நிரப்பியிருந்தான். விளிம்புவரை.

“கொஞ்சந்தான் இருக்குது” என்றாள் உள்ளே எட்டிப் பார்த்து. “முட்டி வரைக்கும்தான்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பிப் படியில் கால் வைத்தாள். அவன் தடுக்கவில்லை. கால் நகரவில்லை. அறை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. சுவர்க் கொக்கிகளில் உளிகள் ஒன்றோடொன்று உரசின. அவள் தலை இறங்கியது. உச்சி வகிடும் மறைந்தது. தண்ணீரில் நடக்கும் சத்தம். நாலு எட்டில் முடியவேண்டிய தொட்டியில் அவள் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள்.

“அண்ணா.” குரல் நீளமான ஒரு குழாய்க்குள்ளிருந்து வந்தது. “இங்க ஒரு கதவு இருக்குது. அந்தாண்ட நிக்கிறாரு. வந்து ஒரு கை புடிங்கண்ணா.”

இரும்பு கிறீச்சிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. அவன் எண்ணினான். எட்டு வரை.

பிறகு பேச்சுக் குரல். ஆண்குரல். தாழ்ந்து, நிதானமாக, நிறைய நேரம் காத்திருந்தவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வதுபோல். அவள் ‘ம்’ கொட்டினாள். ‘ம்.’ அப்புறம் அதுவும் நின்றது. வெறும் குரல். பிறகு அமைதி.

“அண்ணா.”

இப்போது பக்கத்தில். படிக்கு நேர் கீழே.

“உங்களுக்குக் கேட்டுச்சாமே.”

கம்பிப் படியில் ஒரு கால் ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால்.

கலைவாணன் மூடியைத் தள்ளினான்.

அது விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் அதன்மேல் உட்கார்ந்தான். மேசைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அடியில் உள்ளங்கைகள் வந்து அறைந்தன. வளையல் கை இரண்டு. வேறு இரண்டு. அண்ணா என்றாள். அண்ணா, தண்ணி ஏறுது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். எழுந்தால் போதும். அரை நிமிடம்கூட வேண்டாம். எழுந்தால் போதும்.

எழவில்லை.

கேட் திறந்தது. ஸ்கூட்டி வந்து நின்றது. கையில் மல்லிகைப் பூவும் பழப்பையுமாக இளவரசி வாசலில் வந்து நின்றாள்.

“ஜெயப்ரியா வந்துட்டாளா? செருப்பு கெடக்குதே.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். மெதுவாகப் பையைக் கீழே வைத்தாள்.

“என்னங்க சத்தம் அது?”

“எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றான் கலைவாணன்.

மூடியின் நான்கு விளிம்பிலும் தண்ணீர் பொங்கித் தரையில் பரவியது. கறுத்த, டீசல் பளபளக்கும் தண்ணீர். அது இளவரசியின் பாதத்தைச் சுற்றிக்கொண்டு வாசலை எட்டியது. அங்கே ஓரமாகக் கிடந்த செருப்புகள் லேசாக அசைந்து, தரையைவிட்டு எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக அவனை நோக்கி மிதந்து வந்தன. அவனுக்குக் கீழே நான்கு கைகள் தட்டிக்கொண்டிருந்தன.